திரிகூடினும் செவ்வாய்க்கிழமைகளும்

3 ஜூலை 1958, வியாழன்

சாரல் விடவில்லை. பாவு நூல் காயாமல் வாப்பாவின் தறி சும்மா நிற்கிறது. துப்பட்டி நனைந்து, செருப்பெல்லாம் சேறாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், டாக்டர் தளவாய் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். டைபாய்டு வார்டைச் சுற்றிவர டை எதற்கு? லண்டனில் ஆறு மாதம் இருந்தவர். அந்த ஆறு மாதத்தை இன்னும் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறார்.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து, காய்ச்சல் எப்போது விட்டது என்று எழுதி வைப்பது என் வேலை. பிறகு அதையெல்லாம் சேர்த்து, அவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் பெண் நான். கணக்கில் பி.எஸ்ஸி. வாங்கியது இதற்குத்தான் போலிருக்கிறது.

மருந்தின் பெயர் திரிகூடின். மலையில் பறித்த ஏதோ ஒரு வேரைக் காய்ச்சி, சர்க்கரைப் பாகு சேர்த்து, பழுப்பு நிறத்தில் புட்டியில் அடைத்திருக்கிறார். திரிகூடமலையில் கிடைத்ததால் திரிகூடின். குணம் தெரிவதற்கு முன்பே பெயர்சூட்டு விழா முடிந்துவிட்டது.

சித்திரையிலிருந்து சோதனை நடக்கிறது. விஷக்காய்ச்சலோடு திங்கள், புதன், வெள்ளி வந்து சேருகிறவர்களுக்குத் திரிகூடின். செவ்வாய், வியாழன், சனி வருகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் கொடுக்கிற குளோரம்பெனிக்கால் மாத்திரை. எது சீக்கிரம் குணமாக்குகிறது என்று பார்க்கிறாராம். இரண்டும் இலவசம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒன்று பலித்த மருந்து, மற்றது பலிக்குமா என்று தெரியாத மருந்து என்பதை வருகிற யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்கிறார் டாக்டர்.

கல்லூரியில் எங்கள் புள்ளியியல் ஆசிரியை சீட்டுகள் போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார். யாருக்கு எந்த மருந்து என்பதை ஆள் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும், அந்தச் சீட்டும் மூடிய உறைக்குள் இருக்க வேண்டும் என்பார். இன்று டாக்டரிடம் அதைப் பாதி வாக்கியம் சொன்னேன். மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில லாட்டரியா, மிஸ்?" என்று சிரித்தார்.

என்னைப் பார்த்துச் சிரிப்பது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

8 ஜூலை, செவ்வாய்

இன்று வந்த எல்லோரையும் தூக்கித்தான் இறக்கினார்கள். நடந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. நர்ஸ் ரெபேக்காள் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

12 ஜூலை, சனி

சீசன் விருந்தாளிகள். டாக்டரின் குற்றாலம் பங்களாவில் மதுரைப் பக்கத்து டாக்டர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நின்றுவிட்டு, ஈரத் தலையோடு வார்டைப் பார்க்க வந்தார்கள்.

டாக்டர் ஒரு கட்டிலைக் காட்டி, "திரிகூடின் கேஸ்" என்றார். அதில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அடுத்த கட்டிலைக் காட்டி, "பழைய மருந்து" என்றார். அதில் கிடந்தவனுக்கு யார் வந்து நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. விருந்தாளிகள் தலையாட்டினார்கள். ஆட்டும்போது எண்ணெய் வாடை அடித்தது. இந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்த அன்றைக்கு எப்படி இருந்தார்கள் என்று இத்தனை பெரிய படிப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, இது ஆயாவா என்று விசாரித்தார். அப்போது அவர் கையில் இருந்தது நான் போட்டுக் கொடுத்த அட்டவணை.

15 ஜூலை, செவ்வாய்

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். பெயர் பிச்சம்மாள். என் வயதுதான் இருக்கும். உதடு வெடித்து, கண் பாதி மூடி, கை எதையோ பிடுங்குவது போல் போர்வையில் அலைந்துகொண்டிருந்தது. கூட வந்தவள் மாமியார் சொக்கம்மாள். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். போன வாரமே வந்துவிட்டதாம். ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்றேன்.

"வெள்ளிக்கெழம கொண்டு வரணும்னு இருந்தோம் தாயி. செவ்வாக்கெழம யாராவது மருந்து தொடங்குவாகளா? காலையில கண்ணு சொருகிட்டு. இனி என்னத்த நாளு பாக்கன்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டோம்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

16 ஜூலை, புதன்

இன்று வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்து வருகிறார்கள். ஒருத்தி தலையில் பிச்சிப்பூ. ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு, வழியில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தோடு வருகிறார். காய்ச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல நாள் வரட்டும் என்று வீட்டில் காத்திருக்க முடிந்த காய்ச்சல். அந்தப் பிச்சிப்பூக்காரி மோர் குடித்தாலும் தேறிவிடுவாள்.

ஆக இதுதான் சங்கதி. செவ்வாயும் சனியும் மருந்து தொடங்க ஆகாத நாட்கள். தாங்க முடிந்தவர்கள் அந்த நாட்களை ஒதுக்கிவிட்டுப் புதனிலும் வெள்ளியிலும் வருகிறார்கள். தாங்க முடியாதவர்களைத்தான் செவ்வாயில் தூக்கி வருகிறார்கள். லேசான நோயெல்லாம் திரிகூடினுக்கு, சாகக் கிடப்பதெல்லாம் பழைய மாத்திரைக்கு. படுத்துக் கிடப்பவனோடு ஓட்டப்பந்தயம் வைத்து, ஜெயித்தவனுக்கு மாலை போடுகிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குக் கிழமை கிடையாது. வெள்ளி மத்தியானம் தொழுகை, அவ்வளவுதான். காய்ச்சல் முற்றினால் எந்த நாளும் வருவார்கள். அதனால் எங்கள் ஆட்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். திரிகூடினின் மகிமையை அங்கே காணோம். மாத்திரை சாப்பிட்டவர்கள் எழுந்துவிட்டார்கள். திரிகூடின் குடித்தவர்கள் இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஆட்கள் கொஞ்சம்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கப் போதும்.

இதைத் தெரிந்துகொள்ள லண்டன் வேண்டாம். ஒரு முக்காலி போதும்.

19 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் கால்மேல் கால் போட்டுக் கேட்டார்.

"எனக்கு நாள் நட்சத்திரத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாது, மிஸ். மூடநம்பிக்கைக்கு சயின்ஸ்ல எடமே இல்ல."

அவருக்கு நம்பிக்கை இல்லையாம். அவரை யார் கேட்டது? வருகிறவர்களுக்கு இருக்கிறதே. அவர் நம்பாததால் செவ்வாய்க்கிழமையில் பூ வைத்துக்கொண்டு நடந்து வந்துவிடுவார்களா? மூடநம்பிக்கையை அவர் ஒதுக்கிய விதம் இது: கண்ணை மூடிக்கொண்டார். நான் 'வந்து...' என்று தொடங்குவதற்குள் பத்திரிகையை விரித்துவிட்டார்.

ரெபேக்காள் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் ஊசி வேகவைத்துக்கொண்டிருந்த பாத்திரம் சாய்ந்துவிடப் பார்த்தது.

"ஏட்டி நூரு, இந்தத் திங்கள் புதன் வெள்ளிய யாரு போட்டதுன்னு நெனைக்க? புது மருந்த செவ்வாயில தொடங்காதன்னு அவுக அம்மை பஞ்சாங்கம் பாத்துச் சொன்னது. நான் பக்கத்துல நிக்கேன். இவரு 'சரிம்மா'ங்காரு."

20 ஜூலை, ஞாயிறு

பிச்சம்மாள் போய்விட்டாள். ரெபேக்காள் அக்கா வேதக்கோயிலுக்குப் போகிற வழியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நாளைக்கு அவளைப் பழைய மாத்திரையின் தோல்வி என்று நான் எழுத வேண்டும்.

28 ஜூலை, திங்கள்

எங்கள் தெரு பீர் மைதீனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வாப்பாவுக்குப் பக்கத்துத் தறி. நல்ல உடம்புக்காரர், அடையாளம் தெரியவில்லை. நாள் பார்க்கத் தெரியாத மனிதர், திங்களன்று வந்துவிட்டார்.

டாக்டர் அறை வாசலில் போய் நின்றேன். இவர் நிலைமை மோசம், மாத்திரையே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஆமாம், முழு வாக்கியமாகத்தான் கேட்டேன்.

"இன்னைக்குத் திங்கக்கெழம, மிஸ்" என்றார்.

நாளில் நம்பிக்கை இல்லாதவர்!

பீர் மைதீனின் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இங்கன இருக்கியேம்மா. நல்ல மருந்துதானே?" என்றாள். தலையாட்டினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த அந்த டாக்டர்கள் ஆட்டினார்களே, அதே மாதிரி.

1 ஆகஸ்ட், வெள்ளி

பீர் மைதீன் மௌத். ஜும்ஆ தொழுகை முடிந்து அடக்கினார்கள்.

டாக்டர் அவர் பெயரை அட்டவணையிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். வரும்போதே முற்றிவிட்டதாம், அதனால் இது திரிகூடின் கேஸே இல்லையாம். அப்படியானால் பிச்சம்மாள்? அவளும் முற்றித்தானே வந்தாள்? அது பழைய மருந்து கேஸ், இருக்கட்டும் என்றார். முகத்தில் கூச்சம் துளியும் இல்லை. அவருக்குத் தான் செய்வது பொய் என்றே தெரியவில்லை. அதுதான் எரிச்சல். திருடனாக இருந்தாலாவது மரியாதை கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். முடிவு தெளிவாகிவிட்டதாம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு எல்லாக் கிழமையும் எல்லோருக்கும் திரிகூடின்தான்.

எல்லோருக்கும். செவ்வாயில் தூக்கி வருகிறவர்களுக்கும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆசியாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. உம்மாவின் தங்கை மகள், அடுத்த வீடு. என் பழைய புத்தகங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் தானும் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள். நாக்கைப் பார்த்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வார்டில் பார்த்துப் பழகிய கண். எனக்குச் சந்தேகம் இல்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையிலேயே உம்மா துப்பட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆசியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றாள். நாளைக்குப் போகலாம் என்றேன். ஏன் என்றாள். நாளைக்குத்தான் என்றேன்.

"நாளைக்கு என்னட்டி நாளைக்கு? நாம என்னைக்கு நாளு கெழம பாத்திருக்கோம்? நாலெழுத்துப் படிச்சதும் பஞ்சாங்கம் பாக்க ஆரம்பிச்சிட்டியோ?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவும். பீர் மைதீன் பெண்டாட்டியின் காதிலும் விழும். சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நேற்றே விசாரித்து வைத்திருந்தேன். கடையில் வாங்க எங்களுக்குக் கட்டாது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுவதும் ஆசியாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறை அவள் முனகும்போதும் உம்மா என்னைப் பார்த்தாள்.

ராத்திரிக்குள் முற்றிவிட்டால் — எழுத வேண்டாம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்த ஒரே நோயாளி ஆசியா. மாத்திரை கொடுத்தாகிவிட்டது.

கிழமை பார்த்து நோயாளியைக் கொண்டு வந்தேன். சொக்கம்மாள் செய்ததைத்தான் நானும் செய்தேன், படிப்போடு செய்தேன், அவ்வளவுதான். டாக்டரின் சோதனையில் ஓட்டை என்று சொன்னவளே அதில் இன்னொரு ஓட்டை போட்டாகிவிட்டது. மறுபடியும் இப்படி வந்தால் இதையேதான் செய்வேன். என் வீட்டுப் பெண்ணுக்கு நான் இருந்தேன். புதன்கிழமை வருகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

29 ஆகஸ்ட், வெள்ளி

ஆசியா எழுந்துவிட்டாள். மெலிந்து ஈர்க்குச்சி போல் இருக்கிறாள். என் புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.

உம்மாவின் வாயை அடைக்க முடியவில்லை. பாவு தோயும் இடம், கிணற்றடி, எங்கும் இதே பேச்சு. "எம் மவ செவ்வாக்கெழமதான் கொண்டு போவணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான்கூட ஏசிட்டேன். காலேசுல படிச்ச கணக்குலா அது!"

உம்மா, சும்மா இரு என்றேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

2 செப்டம்பர், செவ்வாய்

நடந்து வருகிறார்கள்.

எங்கள் தெருக்காரர்கள் மட்டுமில்லை. செங்கோட்டை ரோட்டிலிருந்து, சுந்தரபாண்டியபுரத்திலிருந்து, பூ வைத்துக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தோடு. ஒருத்தி ரெபேக்காள் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். மற்ற சீக்குக்கு மற்ற நாளாம், விஷக்காய்ச்சலுக்கு மட்டும் செவ்வாய்தானாம், கணக்குப் படித்த ஒரு பாய் வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னதாம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நான் ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிவிட்டேன். இதற்கா கல்லூரிக்கு அனுப்பினார்கள்?

10 செப்டம்பர், புதன்

இன்று வந்தது ஒரே ஒரு ஆள். தூக்கி வந்தார்கள்.

20 செப்டம்பர், சனி

அட்டவணை தலைகீழாகிவிட்டது. மாத்திரைக்காரர்கள் கஞ்சி குடிக்கிறார்கள், திரிகூடின்காரர்கள் பிதற்றுகிறார்கள். டாக்டர் மூன்று முறை என்னைக் கூப்பிட்டுக் கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு வேர் பறித்த பருவம் சரியில்லை என்றார். பிறகு புட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்றார். பிறகு சாரல் என்றார். மலையைச் சந்தேகப்பட்டார், மழையைச் சந்தேகப்பட்டார். கிழமையை மட்டும் சந்தேகப்படவில்லை. மாத்திரையை நிறுத்துவதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

பேசாமல் இருந்துவிடலாம். நான் வாதாடி முடியாததை உம்மா கிணற்றடியில் சாதித்துவிட்டாள்.

ஆனால் இதுவும் பொய்தானே. போன பொய் அவருக்குச் சாதகம், இந்தப் பொய் எனக்குச் சாதகம். நாளைக்கு இன்னொருத்தி இன்னொரு கிழமையைச் சொன்னால் இன்னொரு மருந்து ஜெயிக்கும். சிரிப்பாக இருக்கிறது. பீர் மைதீனை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

23 செப்டம்பர், செவ்வாய்

எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே சொன்னேன். நடந்து வருகிறவர்கள், தூக்கி வருகிறவர்கள், ஆசியா, உம்மா.

"நான்தான் சார் கெளப்பினது. உங்க வேர்ல ஒரு மாத்தமும் இல்ல. ஆளுங்கதான் மாறிட்டாங்க."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாசலில் ஒரு குடும்பம் குடையை மடக்கிக்கொண்டு சிரித்தபடி படியேறிக்கொண்டிருந்தது. டையைத் தளர்த்தினார்.

என்ன செய்யலாம் என்று கேட்டார். என்னிடம்!

எப்போதோ முடிக்காமல் விட்ட வாக்கியத்தை முடித்தேன். பலித்த மாத்திரையை எந்தக் கிழமை வந்தாலும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதோடு திரிகூடினும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லட்டும். சேர்ந்தவரை யாரையும் பிறகு கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் மாத்திரை மட்டும். கடைசியாகச் சொன்னதற்கு முகம் சுளித்தார். நான் நகரவில்லை.

பீர் மைதீன் பெயரைத் திரும்ப எழுதச் சொன்னார்.

27 செப்டம்பர், சனி

இன்று பங்களாவில் டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம், லண்டனில் சீட்டுப் போட்டுத்தான் செய்வார்கள், நானும் அப்படியே மாற்றிவிட்டேன் என்று. டை மறுபடியும் இறுகிவிட்டது. இருக்கட்டும். சீட்டு சீட்டுதான்.

6 அக்டோபர், திங்கள்

முதல் உறைக்கு வந்தது சொக்கம்மாள். மகனுக்குக் காய்ச்சல், பிச்சம்மாளின் புருஷன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மாத்திரை நிச்சயம் உண்டு. இந்தக் கஷாயத்தால் கூடுதலாக நன்மை உண்டா, கெடுதல் உண்டா என்பது எங்களுக்குத் தெரியாது. சம்மதமா?

சொக்கம்மாள் திருப்பிக் கேட்டாள்.

"தெரியலன்னு இப்பச் சொல்லுதியே தாயி. அன்னைக்கு எம் மருமவளுக்கு என்னத்தக் குடுத்தீக?"

அவளுக்குக் கொடுத்தது தெரிந்த மருந்துதான், நீங்கள்தான் பிந்தி வந்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வாசலில் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் இவளைப் போன்றவர்கள் பிந்தி வந்தார்கள், அதை வைத்து நாங்கள் அட்டவணை போட்டோமே தவிர, ஒருவரிடமாவது சீக்கிரம் வாருங்கள் என்று சொன்னோமா? மாத்திரைதான் என்று மட்டும் சொன்னேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, கஷாயம் வேண்டாம் என்றுவிட்டாள். உறையைப் பிரிக்காமலே திரும்ப வைத்தேன்.

டாக்டர் முதல் ஆளே போயிற்றா என்று சலித்துக்கொண்டார். போகவில்லை சார், கேட்டோம், பதில் சொன்னார்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

11 அக்டோபர், சனி

சாரல் போய்விட்டது. தறி ஓடுகிறது. மத்தியானம் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது, ராயகிரியிலிருந்து யாரோ தேடி வந்திருப்பதாக உம்மா பெருமையோடு சொன்னாள். இரண்டு பெண்கள். ஒருத்தியின் மாமனாருக்கு மஞ்சள் காமாலையாம். பஸ் ஏறி விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"காச்சலுக்குச் செவ்வாய்ன்னு சொன்னியளாம். காமாலைக்கு எந்தக் கெழம, பாப்பா?"

எனக்கு வந்த கோபத்தில் பசைக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. கிழமையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, எந்தச் சீக்கானாலும் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இன்றைக்கே கொண்டு போங்கள், சனியானாலும் சரி என்று கத்தினேன். நான் கத்தி உம்மா பார்த்ததே இல்லை. அவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

தெருவில் இறங்கியதும் ஒருத்தி மற்றவளிடம் சொல்லிக்கொண்டு போனது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கேட்டியா? சீக்கு வந்த அன்னைக்குத்தான் நல்ல நாளாம். கணக்குப் போட்டுச் சொல்லிட்டா."

நான் திருத்தப் போகவில்லை.